நான் வெட்டி வைத்த பேக்கிங்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் அம்மா படித்துவிட்டாள். நான் எழுத எழுதவே பக்கத்தில் நின்று படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையும் திருத்தினாள். மாப்பிள்ளையும் படிக்கட்டும், கருவேப்பிலங்குறிச்சியில் சம்பந்தி வீட்டிலும் படிக்கட்டும். என் பழியை நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது நடுரோட்டில், எல்லோர் முன்னாலும். அப்படியிருக்க நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் உன் காதோடு வருத்தம் சொல்வது இன்னொரு திருட்டுத்தனமாகப் போய்விடும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். நான் "பாப்பா, அன்னிக்கு வண்டி விஷயம்" என்று ஆரம்பித்தாலே நீ "பரவால்லப்பா, வுடு" என்று முடித்துவிடுகிறாய். அந்த "வுடு" எனக்கு ஒவ்வொரு தடவையும் வசதியாக இருந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். நான் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சூளை எரிக்கிறவன். ஃபியூஸ் கட்டைகளும் பீங்கான் குப்பிகளும் வேகிற சூளை. முதலில் விறகு, பிறகு எண்ணெய், இப்போது கேஸ். எதுவாக இருந்தாலும் நெருப்பு என் பேச்சைக் கேட்கும் என்ற திமிர் எனக்கு உண்டு. கதவு இடுக்கில் அனல் கசிந்தால் எங்கே கசிகிறது என்று பார்க்காமலே முகத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். கேஸ் குழாய் மூட்டில் கசிந்தால் நானே அட்டை வெட்டி வைத்து முடுக்கிவிடுவேன். எஸ்டேட்டில் பர்னர் அடங்கவில்லை என்றால் பக்கத்து ஷெட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிடாத இடத்துக்கும் போய் மூக்கை நுழைப்பேன். உன் அம்மா இந்த வரியின் கீழே கோடு போடச் சொல்கிறாள்.

நீ புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, உன் சம்பாத்தியத்தில் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, நம் தெருவுக்குள் முதல் தடவை ஓட்டி வந்தாயே, அன்றைக்கு நான் சூளை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றேன். தெருவே பார்க்க வேண்டும் என்று தேவையில்லாமல் ஹாரன் அடிக்கச் சொன்னேன். நீ அடிக்கவில்லை. எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. உன் குணம் என்னவென்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். உனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும், அவ்வளவுதான். யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் என் கவலை.

கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு வாரக் கடைசியில் நீ வந்தபோது வண்டி நிற்கும்போதே எஞ்சின் சீராக ஓடாமல் உறுமுவதும் தணிவதுமாக இருந்தது. நீ பானட்டைத் திறந்து, ஒரு துண்டு ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினைச் சுற்றி நகர்த்திக்கொண்டே வந்தாய். ஓர் இடத்தில் நிறுத்தி என்னிடம் கொடுத்தாய். உஸ்ஸென்று சத்தம். "இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங் போயிருக்குதுப்பா. காத்து புடிச்சிக்குது" என்றாய். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாய்க்கொத்து எஞ்சினோடு வந்து சேருகிற இடத்தில், இரண்டு உலோகத்துக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தகடு அது. பழசாகி நைந்துவிட்டது. புதியது சொல்லி வைத்திருப்பதாகவும், அது வந்ததும் நீயே மாற்றிக்கொள்வதாகவும் சொன்னாய். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறும்போது, "நீ தொடாதப்பா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றும் சொன்னாய். இதைவிடத் தெளிவாக எந்தப் பிள்ளையும் அப்பனுக்குச் சொல்ல முடியாது.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்குப் பட்டு எடுக்கப் போவதாகப் பேச்சு. சம்பந்தி வேன் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "எதுக்குங்க வேனு, எங்க பொண்ணு வண்டி இருக்குது, அதுவே ஓட்டும்" என்று நான் அடித்துச் சொல்லிவிட்டிருந்தேன். புதுத் தகடு வந்து சேராவிட்டால் என் வாய்ச்சவடால் என்ன ஆவது. வெள்ளிக்கிழமை சூளை ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை சும்மா இருக்காது. நம் ஊரில் இரண்டு இரும்புக்கு நடுவே எதை வைத்தாலும் அதற்குப் பேர் பேக்கிங்தான். சூளைக் கதவுக்கு வைப்பதும் பேக்கிங், கேஸ் குழாய்க்கு வைப்பதும் பேக்கிங், உன் எஞ்சினில் போனதும் பேக்கிங். ஒரே பேராக இருந்ததால் ஒரே வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். சூளைக் கதவு விளிம்பில் ஒட்டுகிற வெள்ளை நார் அட்டை ஷெட்டில் கிடந்தது. பீங்கான் உருகுகிற சூட்டையே தாங்குகிற அட்டை, உன் கார் எஞ்சின் சூடெல்லாம் அதற்கு எம்மாத்திரம் என்று எண்ணினேன். கம்பெனிக்காரன் கொடுக்கிற தகட்டைவிட என் அட்டை உசத்தி என்றுகூட எனக்குள் ஒரு சிரிப்பு.

போல்ட்டுகளைக் கழற்றினேன். பழைய தகடு ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை பிளேடால் சுரண்டினேன். சுரண்டல் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. அட்டையை வைத்து அளந்து வெட்டி, ஓட்டை போட்டு, சூளைக் கதவை முடுக்குகிற மாதிரி கைக்கு வந்த போல்ட்டை முதலில் பிடித்து நன்றாக முடுக்கினேன். ஸ்டார்ட் செய்தேன். உறுமல் இல்லை, உஸ் இல்லை. அப்பாவியாக ஓடியது. சனிக்கிழமை நீ வந்து, தகடு இன்னும் வரவில்லை, வேன் சொல்லிவிடலாம் என்றபோது, நான் "அதெல்லாம் சரி பண்ணியாச்சு" என்றேன்.

"யாருப்பா பண்ணது?"

"தெரிஞ்ச ஆளுதான். ஒரிஜினல் பேக்கிங்கே போட்டுக் குடுத்துட்டாரு."

நீ ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டாய். "பரவால்லயே" என்று சிரித்தாய். நான் பொய் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் சிரிப்பைப் பார்த்து எனக்கும் அது பொய் என்பது மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சியில் சம்பந்தியையும் சம்பந்தியம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். சம்பந்தி உன் பக்கத்தில் முன்னால். பின்னால் உன் அம்மா, சம்பந்தியம்மா, நான். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி ஜெயங்கொண்டம் சாலையில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். வண்டி இருமியது. பின்னால் புகை. நீ ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கரும்பு, நிழலுக்கு ஒரு மரம் இல்லை. நீ இறங்கி பானட்டைத் திறந்தாய். நானும் பின்னாலேயே வந்து நின்றேன். அந்த மூட்டின் விளிம்பில் வெள்ளையாக, நைந்து பிசிர் பிசிராக என் அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ அதில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினாய். செராமிக் எஸ்டேட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். யோசனையாகப் பார்த்தாய்.

அதற்குள் சம்பந்தியும் இறங்கி வந்து, "என்னாம்மா ஆச்சு" என்று கேட்டார்.

"என் தப்புதான் மாமா. ஒரு பேக்கிங் மாத்த வேண்டியிருந்துது. அசட்டையா வுட்டுட்டேன்" என்றாய்.

அவர் கடுமையான ஆள் இல்லை. வெயில், பசி, நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் தடங்கல். "எங்க வூட்ல டிராக்டருக்கே காலையில எண்ணெ பாக்காம சாவி போட மாட்டோம்மா. நாளைக்கு ஒரு குடும்பத்துக்கு வரப்போற பொண்ணு, இவ்ளோ அசட்டையா இருக்கலாமா" என்றார். நீ தலையை ஆட்டி "சரிங்க மாமா" என்றாய்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்ல இல்லை. சொன்னது இதுதான்: "நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் சம்பந்தி. இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்க கேக்குதுங்க."

நான் பேசாமல் நின்றிருந்தால்கூட கோழை என்ற பேரோடு போயிருக்கும். நீ எனக்காகப் போர்த்திய போர்வைக்குள் படுத்துக்கொண்டு உன்னையே எட்டி உதைத்திருக்கிறேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லி நெருக்கவில்லை. அவருக்கு முன்னால் நான் பொறுப்பான தகப்பனாகத் தெரிய வேண்டியிருந்தது, அதற்கு நீ பொறுப்பில்லாத பிள்ளையாக ஆக வேண்டியிருந்தது. நீ பானட்டை மூடினாய். அடித்து மூடவில்லை, மெதுவாக அழுத்தி மூடினாய்.

பிறகு வேன் பிடித்து கும்பகோணம் போனோம். கடையில் பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டாக விரித்துப் போட்டார்கள். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். நீ மட்டும் இரண்டு கையையும் மடியில் மூடி வைத்துக்கொண்டிருந்தாய். வழியில் குழாயடியில் எவ்வளவு தேய்த்தும் விரல் இடுக்கில் இருந்த கிரீஸ் கறுப்பு போகவில்லை. கடைக்காரர் "தொட்டுப் பாரும்மா, உனக்குத்தானே" என்றார். "நீங்களே பாத்து எடுத்துடுங்க அத்தை" என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டாய். உன் கல்யாணப் பட்டை நீ தொட்டுப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு வந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா, "அதுக்கு அரக்கு எடுக்காது, பச்சதான் கேட்டுக்கிட்டே இருந்துது" என்று முணுமுணுத்தாள். எடுத்தது அரக்குதான். பில் போடுகிற இடத்தில் நான் சம்பந்தியோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றேன்.

உன் வண்டி அடுத்த நாள் சம்பந்தி வீட்டு டிராக்டரின் பின்னால் கயிறு கட்டி எஸ்டேட் ரோடு வழியாக வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னேன், பிள்ளை கவனிக்காமல் விட்டுவிட்டது என்று. சொல்லச் சொல்ல அது பழகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நீ புதுத் தகட்டோடு வந்தாய். வாசலில் சாக்கை விரித்து வேலையை ஆரம்பித்தாய். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். பேட்டரி வயரைக் கழற்றினாய். காற்றுக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் பிரித்து, எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றிலும் துண்டுத் துணி கட்டி அடையாளம் வைத்தாய். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாய். குழாய்க்கொத்து கையோடு வந்ததும் என் அட்டை பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி இல்லை. நீ முதலில் செய்த காரியம், "அப்பா, அந்தப் பழைய பனியன் துணிய குடு" என்று வாங்கி, எஞ்சினில் திறந்து கிடந்த ஒவ்வொரு துவாரத்தையும் அடைத்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சுரண்டும்போது ஒரு துணுக்கு உள்ள வுழுந்தாலும் போச்சுப்பா. இது இழுக்கற இடம்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாய். இடித்துக் காட்டுகிற குரலும் இல்லை. ஆனால் எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. சூளை வெளியே தள்ளும். நான் இத்தனை காலமும் வெளியே தள்ளுகிற ஒன்றுக்குத்தான் தடுப்பு வைத்திருக்கிறேன். உன் எஞ்சின் அந்த இடத்தில் மூச்சை உள்ளே வாங்குகிறது. அங்கே சூடு ஒரு பிரச்சினையே இல்லை. நான் வைத்த நார் பெட்ரோலில் நனைந்து நைந்து பிசிராகி, மூச்சோடு மூச்சாக உள்ளே போயிருக்கிறது. பீங்கான் நார், பொடியானால் உப்புத்தாள் மாதிரி அறுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துத் தெரியாத ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

நீ ஒட்டியிருந்த வெள்ளைப் பிசிரை எல்லாம் சின்னக் குறடால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு செய்தித்தாளில் வைத்தாய். இரண்டு முகத்தையும் தின்னர் போட்டுத் துடைத்தாய். புதுத் தகட்டை பசை எதுவும் இல்லாமல் வெறுமனே வைத்தாய். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரு சுற்றில் முழுதாக முடுக்காமல், சுற்றுச் சுற்றாக, எல்லா போல்ட்டுக்கும் ஒரே அளவு இறுக்கம் வருகிற மாதிரி அளவு காட்டும் ஸ்பானரால் முடுக்கினாய். உன் அம்மா டீ எடுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும், நீ வேகமாகச் செய்த ஒரே காரியம் அந்தச் செய்தித்தாளைக் கசக்கிச் சுருட்டிக் குப்பையில் போட்டதுதான். அந்த வெள்ளையை அவள் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று உனக்குத் தெரியும். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வாங்கி உறிஞ்சினேன். அன்றைக்கு அந்த டீ எப்படித் தொண்டையில் இறங்கியது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

வண்டி ஓடியது. ஆனால் பின்னால் நீலப் புகை நிற்கவில்லை. உள்ளே கீறல் விழுந்திருக்கிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி அதை அப்படியே மூடிவைத்துவிட்டு பஸ்ஸில் போனாய். அப்போதும் நான் பேசவில்லை. சேதம் எஞ்சினோடு முடிந்திருந்தால் நான் கடைசிவரை பேசியிருக்க மாட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் உன் அம்மா பத்திரிகை விஷயமாக கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வண்டி எதுவாக இருந்தாலும் மாப்பிள்ளையே ஓட்டிக்கொள்ளட்டும், பெண் ஓட்ட வேண்டாம், நடுரோட்டில் ஒரு தடவை பட்டது போதும் என்று சம்பந்தி சொன்னாராம். உன்னிடமும் போனில் கேட்டாராம். நீ "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டாயாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அதுக்கு இருக்கற ஒரே ஆசை அந்த ஸ்டியரிங்குதான். அத எப்படிச் சரின்னுச்சு" என்று உன் அம்மா அழுதாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லி என்னா பண்றது. எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லு" என்றாள்.

முந்தாநாள் காலை பஸ் ஏறிப் போனேன். சம்பந்தி களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொன்னேன். அட்டை வெட்டியதை, தெரிந்த ஆள் என்று பொய் சொன்னதை, ரோட்டில் நான் பேசிய பேச்சை. சூளைக் கதவு அட்டையை எஞ்சினில் வைத்தேன் என்றதும் அவர் முதலில் சிரித்துவிட்டார். முழுதும் கேட்டதும் சிரிப்பு நின்றது. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் அந்தப் புள்ளய அப்படிப் பேசினது தப்பாப் போச்சே சம்பந்தி" என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்ற பேச்சை அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டார். அவரே உனக்குப் போன் செய்வதாகச் சொன்னார், செய்திருப்பார்.

சம்பந்தியம்மா முறத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கே ஏதோ இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்க" என்றார். "பக்கத்துக் கண்ணாடிய எறக்கி எட்டிப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பொண்ணு வெள்ளையா எதையோ உருட்டிக்கிட்டு உங்களத் திரும்பிப் பாத்துது. அப்புறந்தான் என் தப்புன்னுச்சு." நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவர் விடவில்லை. "நீங்க வந்து சொன்னதுல எனக்கு சந்தோஷம். வண்டிய அது ஓட்டட்டும், அதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வேற பயம் இருக்குது. எம் மவன் நல்லவன், ஆனா ஒரு தப்பு பண்ணிட்டா பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாக்கறவன். சின்னதுலேருந்து அப்படித்தான், தங்கச்சி மேல போட்டே வளந்தான். இந்தப் பொண்ணு என்னான்னா எது நடந்தாலும் இழுத்துத் தன் தலையில போட்டுக்குது. இதுங்க ரெண்டும் ஒரு வூட்ல இருந்தா அவன் கெட்டுப்போவான், அது தேஞ்சுபோவும்." முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பழக்கம் அதுக்கு எங்கேருந்துங்க வந்துது" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. உனக்கு எழுதப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். "எழுதுங்க. நான் சொன்னதையும் சேத்து எழுதுங்க. அவனும் படிக்கட்டும்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பதிலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் ஊறி, அவர்கள் சண்டைக்கு வந்தபோது, "நான்தான் மறந்துட்டேன் அத்தை" என்று பாவாடை சட்டையோடு முன்னால் போய் நின்றது நீ. உன் ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்ட அன்று நான் சூளைதான் முக்கியம் என்று வராமல் இருந்துவிட, "நான் வூட்ல சொல்லவே இல்ல மிஸ்" என்று சொல்லித் திட்டு வாங்கியது நீ. உன் அம்மாவின் வளையல் உடைந்தது, டார்ச் பேட்டரி தீர்ந்தது, கதவு திறந்து கிடந்தது, எல்லாவற்றுக்கும் எனக்குக் கோபம் வந்து நான் கத்த ஆரம்பித்தால், யார் செய்தது என்று பார்க்காமல் உன் கை மேலே போகும். நீ ஒப்புக்கொண்டால் நான் கத்துவதை நிறுத்திவிடுவேன் என்று நீ கண்டுபிடித்து வைத்திருந்தாய். சின்னப் பிள்ளை எவ்வளவு கூர்மையாகக் கண்டுபிடித்திருக்கிறது. நானோ அதை நல்ல குணம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். என் பொண்ணு மாதிரி அடக்கம் யாருக்கும் வராது என்று டீக்கடையில் சொன்னவன் நான்தான். அது அடக்கம் இல்லை பாப்பா. என் சத்தத்துக்கு நீ வைத்த பேக்கிங்.

கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு அப்பன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியும். அனுசரித்துப் போ, விட்டுக்கொடு, பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் எதிர்த்துப் பேசாதே. இதையெல்லாம் உனக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை, தேவையும் இல்லை. நீ ஏற்கெனவே அளவுக்கு மேல் கற்றுக்கொண்டுவிட்டாய். நான் கேட்பது நேர்மாறு. நீ செய்யாத ஒன்றை உன் தப்பு என்று அந்த வீட்டில் சொல்லாதே. மாப்பிள்ளை கேஸை அணைக்காமல் விட்டால் அவர் விட்டார் என்று சொல். சம்பந்தி கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், அவர் கோபம் வெயில் தாழ்ந்தால் தணிந்துவிடுகிற கோபம்தான், நான் பார்த்தேன். உன் தப்பு இருந்தால் தாராளமாக ஒப்புக்கொள், அதில் உனக்குக் கஷ்டமே இருக்காது. அடுத்தவர் தப்பை அடுத்தவரிடமே விடுவதுதான் உனக்குக் கஷ்டம். அமைதிக்காகச் செய்வதாக நினைத்துக்கொள்வாய். அதனால் வந்த அமைதியை முழுதாக அனுபவித்தவன் சொல்கிறேன், அது என்னை நல்ல மனுஷனாக ஆக்கவில்லை.

மன்னிப்பு கேட்கிறேன். கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய் என்று தெரிந்துகொண்டு கேட்பதும் கேவலமாகத்தான் இருக்கிறது. அதனால் இப்போதைக்குக் கொடுக்காதே. எஞ்சினைப் பிரிக்க கடலூர் ரோட்டு மெக்கானிக்கிடம் நான்தான் வண்டியைக் கொண்டுபோகிறேன். யார் கெடுத்தது என்று கேட்டால் என்னைக் கை காட்டுவேன். எஸ்டேட்டிலும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் சூளைக் கதவை மோட்டார் பைக்கில் மாட்டித் தருவாயா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

இந்தச் சனிக்கிழமை நீ வரும்போது எனக்காக ஒரு காரியம் செய். உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, நீ செஞ்சது தப்பு" என்று சொல். வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம். பரவாயில்லை என்று சேர்க்காதே, சிரிக்காதே, அம்மாவைப் பார்க்காதே. இந்த வீட்டில் இதுவரை உன் வாயில் வராத சொல் அது. என்னிடம் சொல்லிப் பழகினால்தான் இன்னொரு வீட்டில் தேவைப்படும்போது வரும். முதல் தடவை உனக்குக் குரல் எழும்பாது, எனக்குத் தெரியும். நான் எழுந்து போய்விட மாட்டேன், உட்கார்ந்தே இருக்கிறேன். இன்னொரு தடவை சொல்.

உன் அப்பா